மாமியார் வீட்டு மிச்சம்

கிருஷாந்துக்குக் குடிப் பழக்கம் இல்லை, சிகரெட் இல்லை, நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் பழக்கமும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, செலவுக் கணக்கு எழுதுவது. என் பெரியம்மாவும் சித்தியும் இதையே சொல்லிச் சொல்லி என்னைக் கொடுத்து வைத்தவள் ஆக்கிவிட்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையன் கிடைப்பானா என்று கேட்டார்கள். கிடைத்தான். பதிவு இலாகாவில் கையெழுத்துப் போட்டு நானும் அவனை ஏற்றுக்கொண்டேன்.

பினாங்கில் எங்கள் ஆட்களுக்கு அதுதான் வழக்கம். முதலில் பதிவு. பிறகு மண்டபமும் நல்ல நாளும் சேர்ந்து கிடைக்கும்போது தாலி. இடைப்பட்ட மாதங்களில் பெண் காகிதத்தில் மனைவி, வீட்டில் மகள். நான் கெலுகோரில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அவன் பாயான் பாருவில், வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் வீட்டார் யாழ்ப்பாணத்து வழி, மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். லாரி ஓட்டிய நல்லமுத்துவின் மகளுக்கு இப்படி ஓர் இடமா என்று எங்கள் சொந்தத்தில் மூக்கில் விரல் வைக்காதவர்கள் இல்லை. அம்மாவுக்கு அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது.

கணக்கை அவன் கைப்பேசிச் செயலியில் எழுதுவான். தே தாரிக் டீ மேசைக்கு வந்தால் முதல் மிடறுக்கு முன்னால் விலை ஏறிவிட வேண்டும். கார் நிறுத்திய காசு, கழிப்பறைக்குக் கொடுத்த சில்லறை, கோயில் உண்டியலில் போட்டது எல்லாம் ஏறும். சேர்ந்து வெளியே போனால் என் பங்கு எவ்வளவு என்று திரும்பி வரும்போதே சொல்லிவிடுவான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. என் சம்பளம் மாதக் கடைசிக்குள் எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது. கணக்குத் தெரிந்த ஒருவன் வீட்டில் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அம்மா ஞாயிறு காலையில் பாசாருக்குப் போய் இறால் வாங்கி வருவாள். சின்ன இறால் இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பெரியது. பெரட்டல் செய்து பெரியதாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பாள். அப்பாவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. தனக்கு அரிக்கும் என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொள்வாள். முப்பது வருடமாக இறால் தின்றவளுக்குத் திடீரென்று எப்படி அரிக்கும்? எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மருமகன் நன்றாகச் சாப்பிடுகிற சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவன் செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா டிங்கி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தான். வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சு கொண்டு வருவான். பெற்ற பிள்ளை கூட இப்படிச் செய்யாது என்று அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில், கடைத்தெரு எங்கும் சொல்லி வந்தாள். அப்பாவும் அவனை மகனே என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி வந்து காரில் உட்கார்ந்தோம். ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தான். கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். சிவப்பில் செலவு, பச்சையில் மிச்சம். பச்சையில் ஒரு தலைப்பு, மாமியார் வீடு.

"பாரு ஷர்மி, ரெஜிஸ்டர் பண்ணதுல இருந்து உங்க வீட்டுல மட்டும் எனக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி மிச்சம்," என்றான்.

விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். எங்கள் வீட்டில் அவன் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கடை விலை போட்டிருந்தான். இறால் பெரட்டல் தனி, சோறு தனி, அம்மா கொடுத்த மோர் தனி. கடையில் தின்றிருந்தால் ஆகியிருக்கும் செலவு, அதனால் மிச்சம். திருமணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டால் அறை வாடகையும் பச்சைக்கு வந்துவிடும் என்றான். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் இதைக் காட்டுகிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அப்படியானால் அம்மாவுக்கு ஆன செலவை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான்.

"அம்மா அன்பா போடுற சாப்பாட்டுக்குப் போய் யாராச்சும் கணக்குப் பார்ப்பாங்களா?"

கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இது கோபம் இல்லை, அருவருப்பு. பாதித் தட்டு காலியான பிறகு சோற்றில் முடியைப் பார்த்தால் வருமே, அது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இவன் காக்கை கொண்டு வந்து போட்டதையும் வரவில் எழுதுகிறவன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு இந்தத் தாலி வேண்டாம் என்றேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. பொறுப்பான பையன் அப்படித்தான் இருப்பான், நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேன் என்றாள். பிறகு, நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதையே சொன்னாள்.

"ரெஜிஸ்டர் முடிஞ்சிடுச்சு. இப்ப வேணாம்னா கோர்ட்டு, வக்கீலு, வருஷக் கணக்கா இழுக்கும். ஒரு நாள் கூட வாழாம டிவோர்ஸ்னு பேரு வாங்குவியா நீ?"

அந்தப் பேர் எனக்கும் பயம்தான். ஆனால் ஆயுசுக்கும் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிறும் வந்தான். அம்மா வழக்கம் போல் பரிமாறினாள். அவன் இறால் தலையைக் கடித்து உறிஞ்சிவிட்டு விரலை ஒவ்வொன்றாக நக்கினான். என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள், அவன் வாயாலேயே வரட்டும் என்று, மாமியார் வீட்டுக் கணக்கை அம்மாவுக்கும் காட்டு என்றேன். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். இடது கையால் கைப்பேசியை எடுத்துத் தேதி வாரியாக வாசிக்க ஆரம்பித்தான். முதலில் அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மோருக்கும் விலை வந்தபோது சிரிப்பு நின்றது.

அப்பா அதுவரை தலை நிமிரவில்லை. நிமிர்ந்து, தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கொண்டு வந்த ஆரஞ்சை எதில் எழுதியிருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் கழிச்சாச்சு மாமா. ஆரஞ்சு, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் கழிச்சுத்தான் இந்த நெட்டு."

அப்பா தட்டிலேயே கையை உதறிவிட்டு எழுந்து போனார். அவர் தட்டில் ஓர் இறால் அப்படியே கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் சொல்லி வந்த ஆரஞ்சு அவள் முகத்தில் அழுகிக்கொண்டிருந்தது. பிறகு சட்டியைக் கையில் எடுத்தாள்.

"மீதியப் பொட்டலம் கட்டித் தரவா தம்பி? அதையும் எழுதிக்கலாம்."

என் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"போலே அத்தை, கட்டுங்க," என்றான். "ராத்திரிக்கு ஆகும்."

அம்மா கட்டினாள். சட்டியை வழித்துக் கட்டினாள். பொட்டலத்தை அவனிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தாலிப் பேச்சு எங்கள் வீட்டில் அந்தத் தலையசைப்போடு முடிந்தது.

கார் வரைக்கும் அவன் பின்னால் போனேன். இனிமேல் சாப்பிட வர வேண்டாம், தாலி இல்லை, திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஏன் என்று கேட்பான், தப்பு என்று சொல்வான், அழக்கூடச் செய்வான், அப்போது மனது இளகிவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"மண்டபத்துக்கு டெபாசிட் உங்கப்பாதான கட்டுனாரு? அதுல எனக்கு நட்டம் ஒண்ணும் இல்லல?"

இல்லை என்றேன். அவன் முகம் தெளிந்தது. பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்து இருக்கையில், முந்தாநாள் வரைக்கும் நான் உட்கார்ந்த இடத்தில் வைத்தான். சாய்ந்து கொட்டிவிடாமல் இருக்க அதற்கு பெல்ட் போட்டுவிட்டான்.