நாலு நிமிடத்தில் ஓஷ்

பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கு வான்வழியில் முந்நூறு கிலோமீட்டர். விமானம் நாற்பது நிமிடத்தில் போகும்; அந்தப் புதன்கிழமை நாலே நிமிடத்தில் போனது. பின்காற்றும் இல்லை, இயந்திரத்தில் புதிதாக எதையும் மாட்டவும் இல்லை. எல்லாம் பெர்மெத் செய்த வேலை. பிஷ்கெக்கில் சட்டை தைக்கும் ஆலையில் இருந்தவள், ஓஷில் மாமியாரிடம் விட்டுவந்த மகன் உலானைப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்று அவனுக்குக் கயிறறுப்பு. நடை பழகும் பிள்ளையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் கட்டுவார்கள். பந்தயத்தில் முந்தி ஓடிவருபவர் அதை அறுப்பார். அவர் வேகம் பிள்ளைக்கு வரும். மகனின் முதல் அடியைப் பார்த்தே தீருவது என்று கயிற்றைத் தானே முறுக்கி எடுத்துவந்திருந்தாள் பெர்மெத். ஆனால் விமான நிலையத்தில் மூடுபனி விலகவே பதினொன்றரை ஆகிவிட்டது. சடங்கோ பன்னிரண்டுக்கு.

“கறி வெந்தாச்சு, சனம் வந்தாச்சு. உனக்காக ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன்,” என்றாள் மாமியார் போனில்.

“கயிறு என்கிட்டல்ல இருக்கு, அத்தை?”

“ஏன், ஓஷ்ல ஆட்டுக்கெல்லாம் ரோமமே மொளைக்கலையா? நான் முறுக்கிக்கிறேன்.”

பெர்மெத்துக்கு அழுகை வரவில்லை, ரோஷம் வந்தது. நேராகப் போய் விமானத்தின் முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து அந்தக் கயிற்றால் கட்டினாள். விமானி இறங்கிவந்து குனிந்து பார்த்தார்.

“எனக்கு அறுத்தவர் எங்க சோம்பேறி மாமா, தங்கச்சி. இன்னிக்கு வரைக்கும் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல. இதுக்காவது நல்ல ஆளாப் பாத்து அறுக்கச் சொல்லு.”

பயணிகள் நாற்பத்தெட்டுப் பேரும் பந்தயம் ஓட ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். கத்தி கொண்டுவரச் சொன்னதால் நிலைய உணவகத்துச் சமையற்காரி துர்சுனாயும் வந்து சேர்ந்தாள். அடுப்பில் சம்சா கருகுகிற அவசரம் அவளுக்கு. ரொட்டிக் கத்தியோடு அவள் ஓடியதைப் பார்த்து எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். முதலில் வந்தாள், ஒரே வெட்டில் அறுத்தாள், அதே ஓட்டத்தில் அடுப்புக்குத் திரும்பினாள்.

விமானம் எழும்பியது. பணிப்பெண் மிட்டாய்த் தட்டோடு மூன்றாம் வரிசையைத் தாண்டுவதற்குள் சக்கரம் ஓஷில் தரை தொட்டது. எல்லோரும் கைதட்ட, பெர்மெத்துக்கு அப்போதுதான் பகீரென்றது. மகனுக்கென்று முறுக்கிய கயிற்றை அறுத்தாகிவிட்டது. ஒருமுறை அறுத்த கயிறு மறுபடி உதவாது. அவசரத்தில் பிள்ளையின் நடையை ஒரு விமானத்துக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ஏணிப்படியின் அடியில் உலான் நின்றுகொண்டிருந்தான். அங்கே கயிறு அறுந்த நொடியில் இவன் பாட்டி மடியிலிருந்து குதித்து ஓடத் தொடங்கியிருக்கிறான். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். விருந்தாளிகள் கார்களில் துரத்தியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கடைசிக் காரிலிருந்து மாமியார் மூச்சிரைக்க இறங்கினாள்.

“தாயும் புள்ளையுமாச் சேர்ந்து கறியை ஆறவிட்டுட்டீங்களேடி.”

பெர்மெத்தின் காதில் அது விழவில்லை. ஓடியே வந்தவன் அதுவரை ஓர் அடிகூட நடந்திருக்கவில்லை. அவளை அண்ணாந்து பார்த்தான், கைப்பிடிக் கம்பியைப் பற்றினான், அவளை நோக்கி முதல் படியில் முதல் அடியை வைத்தான். அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள், அழுதாள்.

இப்போது கால அட்டவணையிலேயே நாலு நிமிடம் என்று அச்சடித்துவிட்டார்கள். மிட்டாய் தருவது நின்றுபோனதில்தான் சிலருக்குக் குறை. பெர்மெத் காலையில் தையலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் மகனைக் குளிப்பாட்ட வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.