பிள்ளையார்பாளையத்தில் முடியாத ஒரு மணி நேரம்

2009 மார்ச் கடைசிச் சனிக்கிழமை, பூமி சூடாகாமல் இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ராத்திரி எட்டரைக்கு விளக்கணைத்தார்கள். ஒன்பதரைக்கு எல்லா ஊரிலும் அந்த ஒரு மணி நேரம் முடிந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கலாவதியின் வீட்டுக்கு எதிரே மட்டும் அது இன்னும் முடியவில்லை. மின்சார வாரியத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, லைனில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோளாறு இல்லைதான். கலாவதி முடிய விடவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

கலாவதிக்குத் தொழில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து தீரும்போது அதை முழுக்க அறுத்துவிட மாட்டார்கள். கடைசி முழத்தைத் தறியிலேயே விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடுவார்கள். அறுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து இழை இழையாகக் கோத்து எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் அந்தத் தெருவில் சில தறிகளில் இன்னும் பாட்டன் போட்ட பாவின் தொடர்ச்சிதான் ஓடுகிறது. கலாவதி முறுக்கிய இடம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. வாய் மட்டும் நீளம் என்று பேர் வாங்கியிருந்தாள். அவள் புருஷன் உமாபதி வீட்டுத் தறியில் முகூர்த்தப் புடவை நெய்கிறவர். அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

2007 பொங்கலுக்குத்தான் காசிநாதன் என்கிறவர் எதிரே நாலு மாடியில் பட்டுக்கடை திறந்தார். உச்சியில், மயில் ஒன்று தோகை விரித்து மூடுகிற மாதிரி ஒரு விளக்குப் போர்டு வைத்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று அது விடியும் வரைக்கும் சுற்றும். ஊரே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு கிடக்கிற வேளையிலும் ஜெனரேட்டரில் மயில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அது ஆடத் தொடங்கிய அன்றைக்கு உமாபதிக்குப் போன தூக்கம் இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் கால் மட்டும் மரத்துப் போனது. தூக்கம் தினமும் வாசல் வரைக்கும் வருவதையும், வெளிச்சத்தில் கண் கூசித் திரும்பிப் போவதையும் கலாவதியே பார்த்திருக்கிறாள். பழுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம் இருக்கும், சாதுவாகத்தான் தெரிந்தது என்றாள். கதவைச் சாத்தினால் தூக்கமும் வெளியே நின்றுவிடும், திறந்தால் மயில் உள்ளே வந்துவிடும். பழைய புடவைகளை நாலு மடிப்பாகக் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தாள். வெளிச்சம் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கியது.

தூங்காத மனிதன் நெய்த புடவைக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. உமாபதியின் புடவையைக் கட்டிய கல்யாணப் பெண்கள் தூக்கம் கெட்டுப் போனார்கள். முதல் வாரம் யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் போனதும் புடவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியாக வேலூரிலிருந்து, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு ஒரு பெண் நேரிலேயே வந்து புடவையை வைத்துவிட்டுப் போனாள். பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் கலியாணசுந்தரம் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. இன்னொரு புடவை திரும்பி வந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

கலாவதி நேரே காசிநாதனிடம் போனாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மயிலை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் கடை பட வேண்டாமா, ஜன்னலுக்கு நல்ல ஸ்கிரீனாகப் பார்த்து மாட்டிக்கொள்ளம்மா என்று அவர் அன்பாகவே சொல்லி, ஒரு கூல்ட்ரிங்க்ஸும் வரவழைத்தார். அவள் அதைத் தொடவில்லை. "உங்க மயிலு ஆடிக்கினு இருக்கட்டும் மொதலாளி. ஒரு நாளைக்கு அதுக்கும் கால் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மார்ச் மாதம் சென்னையிலிருந்து எர்த் ஹவர்காரர்கள் வந்தார்கள். வாரியம் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இருட்டைச் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்த ஊரில், ஒரு மணி நேரம் விளக்கணையுங்கள் என்று கேட்டது பலருக்குச் சிரிப்பாக இருந்தது. காசிநாதன் சிரிக்கவில்லை. கடை வாசலில் 'பூமித் தாய்க்கு ஒரு மணி நேரம்' என்று பேனர் கட்டி, மைக் வைத்து, தெருக்காரர்கள் கையில் எல்லாம் மெழுகுவர்த்தி கொடுத்து, போட்டோகிராபரையும் வரவழைத்து, சரியாக எட்டரைக்குத் தன் கையாலேயே மயிலை அணைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கலாவதி தட்டவில்லை. அவள் வீட்டுக்குள் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தூக்கம் வாசல் வரைக்கும் வந்தது, கொஞ்சம் தயங்கியது, உள்ளே வந்தது. தறிக் குழிக்குள் உட்கார்ந்திருந்த உமாபதியின் மடியில் அது தலையை வைத்ததும், அவர் நெய்த துணியைச் சுற்றும் படமரத்தின் மேலேயே கவிழ்ந்து குறட்டை விட்டார். இரண்டு வருஷம் கேட்காத குறட்டை. கலாவதிக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே மைக்கில், இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்குகளை ஏற்றப் போகிறோம் என்ற குரல் கேட்டதும் அழுகை கோபமாகிவிட்டது.

வாசலுக்கு வந்து பார்த்தாள். போர்டின் மேல் கிடந்த இருட்டு தீரப் போகிற பாவு மாதிரிக் கடைசி முழத்தில், அவள் வாசல் வரைக்கும் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள், பட்டை விடக் கொஞ்சம் முரடு, ஆனால் முறுக்கு ஏறக்கூடிய நூல்தான். பின்னாலேயே ராத்திரியின் இருட்டு, அதுபாட்டுக்கு, தெரு நீளத்துக்கும் விரிந்து கிடந்தது. அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சமையல்கட்டு விளக்கு, தறி விளக்கு, தெருவிளக்கு இவற்றின் இழைகளை ஒதுக்கிவிட்டாள். மயிலின் இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாக ராத்திரியோடு சேர்த்து முறுக்கினாள். ஒன்பதரைக்குத் தெருவில் எல்லா விளக்கும் எரிந்தது. காசிநாதன் சுவிட்சைப் போட்டார். மயில் எரியவில்லை.

அவர் பல்பு மாற்றினார், ஒயர் மாற்றினார், கடைசியில் மயிலையே இறக்கிவிட்டு யானை வைத்தார். யானையும் எரியவில்லை. கலாவதி தினமும் சாயங்காலம், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, வாசற்கால் ஆணியில் மாட்டி வைத்திருக்கும் முந்தின நாள் இருட்டின் நுனியை எடுத்து அன்றைய இருட்டோடு பிணைத்துவிட்டுப் போவதை ஊரே பார்த்தது. காசிநாதன் புகார் கொடுத்தார். வந்த சப் இன்ஸ்பெக்டருக்கு எந்தச் செக்ஷனில் எழுதுவது என்று தெரியவில்லை. நுனியையாவது பறித்துவிடலாம் என்று கடையாட்கள் வந்தபோது, பக்கத்து வீட்டு எல்லம்மாள் முதற்கொண்டு தெருப் பெண்கள் எல்லாரும் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

கடைசியில் காசிநாதனே வந்தார். "எப்பம்மா இது முடியும்?" என்றார்.

"ஆரம்பிச்சது நீங்க. நான் அறுக்கல, அவ்ளோதான்," என்றாள் கலாவதி. "பாவை அறுக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்லைங்க மொதலாளி."

அதற்குப் பிறகு உமாபதி நெய்த புடவை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கலியாணசுந்தரம் தறியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. காசிநாதன் யானைக்குப் பெயிண்ட் அடித்து, பகலில் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார். மாகறல் பக்கம் கல்யாணம் காட்சிக்குப் போனால் கலாவதி நுனியை எல்லம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவாள். எல்லம்மாளின் முறுக்கு கொஞ்சம் தளர்ச்சி, அன்றைக்கு மட்டும் யானையின் தும்பிக்கை லேசாக மினுக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த வருஷம் எர்த் ஹவர்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். உலகத்திலேயே நீளமான ஒரு மணி நேரம் இதுதான் என்று கலாவதிக்கு ஒரு ஷீல்டு கொண்டு வந்திருந்தார்கள். இந்தத் தடவை ஒன்பதரைக்கு அவளே தன் கையால் அந்த நுனியை அவிழ்த்து யானையை ஏற்றி வைக்க வேண்டும், டிவியில் காட்டுவோம் என்றார்கள். கலாவதி படியை விட்டு எழவில்லை. விரலில் சாம்பல் இருந்தது, பாதி இழைதான் முடிந்திருந்தது.

"மெதுவா பேசுங்கபா," என்றாள். "உள்ள ஆளு தூங்கறாரு."

அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஷீல்டைப் படி ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் சத்தமில்லாமல் நடந்து போனார்கள். கலாவதி அடுத்த இழையை எடுத்தாள்.