வெந்த கம்பளி

அட்டை வந்தது நவம்பர் முதல் வாரத்தில். மலைமேல் காசநோய்ச் சானடோரியத்தில் என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதத்துக்குப் படுக்கை ஒதுக்கியிருப்பதாகவும், டிசம்பர் பதினெட்டு, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும் என்றும் அச்சடித்திருந்தது. தவறினால் படுக்கை அடுத்தவருக்கு. பிறகு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல்: தட்டு, டம்ளர், மூடி போட்ட எச்சில் கிண்ணம், இரண்டு வேட்டி, கனத்த கம்பளிப் போர்வை ஒன்று. போர்வை வெள்ளையாக இருக்கக் கூடாது, வெள்ளை ஆஸ்பத்திரியுடையது. போர்வை இல்லாமல் வருகிறவர்களைச் சேர்ப்பதற்கில்லை.

அவர் பெயர் வேதமாணிக்கம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் நின்றவர். ஜூன் மாதத்தில் இருமலோடு இரத்தம் வந்தது. அதிலிருந்து பின்கட்டு அறையில் தனித் தட்டு, தனிப் பாய். ஆமத்தூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்னும் ஆறு மாதம் இப்படியே கிடந்தால் மலைக்கு அனுப்புவதில் பிரயோசனம் இல்லை என்றார்.

கடைக் கம்பளி வாங்க என்னிடம் வழியில்லை. ஆனைக்குட்டத்துப் பக்கம் கம்பளி நெய்கிற பெத்தணனைப் போய்ப் பார்த்தேன்.

"மயிர் நான் தாரேன் டீச்சரம்மா. நூக்கதுக்குத்தான் ஆளு கெடையாது. மகளக் கட்டிக்குடுத்துட்டேன். நீங்க நூத்துத் தந்தீகன்னா அஞ்சு நாள்ல நெய்ஞ்சு தந்துருவேன்."

"கறுப்பு மயிர் இருக்கா?"

"அது தீவாளிக்கு முன்னாடியே போயிருச்சே. வெள்ளதான் கெடக்கு. சாயம் போட்டுக்கிட வேண்டியதுதான்."

நூற்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு, எல்லா வகுப்புக்கும் நூற்புப் பாடமும் என் பொறுப்பு. தக்ளியில் பஞ்சு நூற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று ராத்தல் ஆட்டு மயிரைச் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் சாக்கைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். தெருவில் எங்கள் வீட்டுக்குள் வந்துபோகிறவள் அவள் ஒருத்திதான்.

"என்னத்த டீச்சர், ஒரு ஆட்டயே உரிச்சுக் கொண்டாந்துட்டீகளா? என்னா மொச்ச நாத்தம்!"

"நூற்கணும் கருப்பம்மா."

"இம்புட்டையுமா? எப்ப? சோறு பொங்குறது யாரு, தண்ணி எடுக்குறது யாரு, அய்யாவுக்குக் கஞ்சி வைக்கிறது யாரு?"

நூற்க ஆரம்பித்தேன்.

காலையில் ஐந்து மணிக்குக் கிணறு. எட்டுக் குடம். உலையில் அரிசி வேகும்போது கொஞ்சம் நூற்பேன். அவருடைய தட்டையும் துணிகளையும் தனியாக வெந்நீரில் போட்டு எடுத்து, மகள் ஞானதீபத்துக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது கொஞ்சம் நூற்பேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மேசைக்குக் கீழே தக்ளி சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டை நாலு பேர் தப்பாகச் சொல்லிவிட்டுப் போனதை நான் கவனிக்கவே இல்லை. தலைமையாசிரியர் யோபு சார் எட்டிப் பார்த்து, "பூரணி டீச்சர், ஆடு பாஸா பெயிலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூக்கிலும் தொண்டையிலும் மயிர்த்தூசி. நானும் இருமினேன். என் இருமலைக் கேட்டுப் பின்கட்டிலிருந்து அவர் சத்தம் கொடுப்பார்.

"ஏட்டி, நீயும் எங்கூட வந்து படுத்துக்கிடப் போறியா?"

"இது ஆட்டுத் தூசிங்க."

"எல்லாத்தையும் போட்டுட்டுச் சும்மா இரு. நான் மலைக்கும் போகல, மண்ணுக்கும் போகல."

தினமும் அதையே சொல்வார். தினமும் நான் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். சண்டை போடத் தெம்பில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி நூற்று முடித்தேன். சுற்றிக் கட்டின நூல் மொத்தம் இருபத்திரண்டு சிட்டம். ஏழாம் தேதி சனிக்கிழமை சாயம் போடுவது, ஒன்பதாம் தேதி பெத்தணன் வந்து நூலை வாங்கிக்கொண்டு போவது, பதினாலாம் தேதி போர்வையைத் தருவது என்று பேச்சு. இடையில் ஒரு நாள் பிசகினாலும் சமாளிக்கலாம்.

சாயத்துக்குக் கருவேலம்பட்டை. ஊரைச் சுற்றிலும் அதுதானே கிடைக்கிறது! படிகாரம் போட்டுக் கொதிக்கவைத்தால் நல்ல செங்காவி வரும். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒட்டின பெட்டி காயாமல் கருப்பம்மாள் வீட்டுக்குள்ளேயே அடுக்கடுக்காகக் கிடந்தது. அவளுக்கு வேலை ஓடவில்லை. பசை காய்ச்சுகிற பெரிய பானையைக் கழுவிக்கொண்டு வந்து, "நானும் ஒரு கை போடுதேன்" என்று எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

பஞ்சு நூலுக்குச் சாயம் போடுமுன் செய்கிறதையே வரிசையாகச் செய்தேன். முதலில் சலவைச் சோடா போட்டு நன்றாகக் கொதிக்க விட்டேன். நூலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு இறங்க வேண்டுமல்லவா. அந்தச் சமயம் பின்கட்டில் அவருக்கு இருமல் தொடங்கி நிற்கவில்லை. கரண்டியைக் கருப்பம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். கிண்ணத்தைப் பிடித்து, முதுகைத் தடவி, தரையைக் கழுவி, துணி மாற்றி, நான் திரும்பி வர முக்கால் மணி நேரம். கருப்பம்மாள் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பசை அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டிப் பழகின கை. பிறகு சிட்டங்களைத் தூக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டோம். அடித்துப் பிழிந்தோம். மறுபடி சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தோம். நிறம் அருமையாகப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து சிட்டத்தை உதறிப் பிரிக்கப் போனேன். பிரியவில்லை. நூலும் நூலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, முறுக்கு அழிந்து, விரற்கடைக் கனத்துக்குப் பட்டையாக இறுகிக் கிடந்தது. கை நீளம் இருந்த சிட்டம் முழங்கை நீளத்துக்கு வந்திருந்தது. இருபத்திரண்டும் அப்படியே. நுனியைத் தேடி நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நுனி என்று ஒன்று இல்லை.

கருப்பம்மாள் வீட்டுக்குப் போய் அவள் முன்னால் அதைப் போட்டேன்.

"ஏன் இப்படிக் கிண்டினே? பசையா அது? உன்னை யார் கிண்டச் சொன்னது?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். சிட்டத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு மாசம் கண்ணு எரிய நூற்றேன். அவர் போக முடியாது, தெரியுமா உனக்கு? போக முடியாமல் என்ன ஆகும் தெரியுமா?"

"நான் வேணும்னா செஞ்சேன் டீச்சர்?" என்றாள் கடைசியில். நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சொன்னபடி பெத்தணன் வந்தார். சிட்டத்தைக் கையில் வாங்கினதுமே முகம் மாறியது. மோந்து பார்த்தார்.

"இதுல என்ன போட்டீக?"

"சலவைச் சோடா."

"சோடாவா! ஆட்டு மயிருக்கு யாராச்சும் சோடா போட்டு அவிப்பாகளா? ஒங்க தலமயிருக்குப் போடுவீகளா டீச்சரம்மா?"

"பஞ்சுக்கு அப்படித்தானே..."

"பஞ்சு செடியில வெளையுது. இது ஒடம்புல வெளைஞ்சது. வெதுவெதுன்னு தண்ணியில முக்கி எடுக்கணும், அவ்வளவுதான். சோடாவுல கொதிக்கவச்சுப் பச்சத் தண்ணியில போட்டா, கிண்டுனாலும் சுருங்கும், கிண்டாட்டாலும் சுருங்கும். இத நெய்ய முடியாது. புதுசா நூத்தாலும் இனி நாளு பத்தாது."

பெத்தணன் போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டிலிருந்து பேச்சு முழுவதையும் என் வீட்டுக்காரர் கேட்டிருக்க வேண்டும்.

"சரி விடு, பூரணி. நான்தான் போகலன்னு சொன்னேன்ல."

அந்தக் குரலில் எப்போதும் உள்ள முறுக்கு இல்லை. போக முடியாமல் போய்விடுமோ என்று அவர் பயந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்து கருப்பம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் மகள்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"நேற்று உன்னைத் திட்டினது தப்பு. கெடுத்தது நான். சோடா போட்டது நான். பெத்தணன் சொல்லிவிட்டுப் போனார்."

"ஒக்காருங்க."

"உட்கார வரலை."

"நிக்கிறதுக்கும் காலு வேணும்லா. ஒக்காருங்க." கையைக் கழுவிவிட்டு வந்தாள். "நானே நெனச்சேன் டீச்சர், என்னடா இது கிண்டக் கிண்டக் கெட்டியாகுதேன்னு. டீச்சரு படிச்சவுக, சரியாத்தான் சொல்லுவாகன்னு கிண்டிட்டேன். நாம ரெண்டு பேருஞ் சேந்து நல்லா வேகவச்சுட்டோம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நெய்யத்தான முடியாது? தைக்க முடியாதா?" என்றாள்.

பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டு சேலைக்கு நடுவில் இந்தப் பட்டைகளைப் பரப்பித் தைத்தால் என்ன என்றுதான் அவள் கேட்டாள். என்னிடம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலை நாலு இருந்தது. நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று எடுத்தேன். சிட்டங்களை வெட்டிப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பலகை மாதிரி விரிந்தது. ஆனால் தைக்கத் தைக்க உள்ளே இருந்தது நகர்ந்து ஒரு மூலைக்கு ஓடியது. செவ்வாயும் புதனும் தைத்ததை வியாழக்கிழமை முழுவதும் பிரித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருப்பம்மாள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒட்டிட்டுத் தையுங்களேன் டீச்சர்! நகருமா பெறகு?"

"எதை வைத்து ஒட்டுகிறது?"

"என்னய வச்சுத்தான்."

பசை காய்ச்சிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டிப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். "அய்யா மேல படுறது, துத்தம் போடல" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நீலச் சேலையைத் தரையில் விரித்து, நாலு விரலால் பசையை வழித்து இழுத்து, பட்டைகளை ஒன்றோடொன்று இடிக்காமல், இடைவெளி விடாமல் அடுக்கிக்கொண்டே போனாள். ஒரு நாளைக்கு எத்தனையோ குரோஸ் பெட்டி ஒட்டுகிற கை. ஓரம் ஒன்றுகூடக் கோணவில்லை. இருபத்திரண்டு பட்டையும் அரை மணியில் முடிந்தது. மேலே பச்சைச் சேலையை விரித்து, பட்டை எட்டாத மீதிச் சேலையை வெட்டிவிட்டு, அம்மிக்கல்லை வைத்தோம்.

சனிக்கிழமை இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து இரண்டு பக்கத்திலிருந்தும் தைத்தோம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோதும் ஊசி என் கையில் இருந்தது. அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. கனத்த பட்டையில் ஊசி இறங்கவில்லை. விரல் நுனியெல்லாம் பொத்தல். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சாக்கட்டி பிடிக்க முடியாமல் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். அன்று சாயங்காலம் கடைசித் தையலைப் போட்டுவிட்டு, விரித்துப் பார்க்காமலே மடித்துக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஞானதீபத்தைக் கருப்பம்மாள் வீட்டில் விட்டுவிட்டு விருதுநகரில் ரயில் ஏறினோம். அவர் பெட்டியில் இடமிருந்தும் போர்வைக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குச் சானடோரியத்தில் வரிசையில் நின்றோம். வாசல் மேசையில் ஒரு வயதான நர்சம்மா ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக் குறித்தார். போர்வையைத் தூக்கினார், கனம் தாங்காமல் மேசையிலேயே போட்டார்.

"நிறம் இருக்கு. சரி," என்று ஒரு கோடு போட்டார்.

வெளியே நீலமும் பச்சையும் தெரிந்தது. நிறம் சேலையிலேயே இருந்தது. கருவேலம்பட்டையும் படிகாரமும் உள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் கிடந்தன. சாயமே வேண்டியிருந்திருக்காது. இதை நினைக்கக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

நர்சம்மா குனிந்து மோந்தார். "என்ன இது, கஞ்சி வாடை?"

"பசைங்கம்மா. நகராமல் இருக்க ஒட்டித் தைத்தது."

"உள்ளே என்ன?"

"கம்பளி."

"எறும்பு வருமே. இங்கே வாரத்துக்கு ஒரு தடவை நோயாளி போர்வையெல்லாம் அண்டாவில் போட்டு அவிப்போம், தெரியுமா? கம்பளி முதல் அவியலிலேயே சுருங்கிப் போயிடும். பிறகு போர்வை போச்சு என்று எங்களிடம் அழக் கூடாது."

"இது சுருங்காதும்மா," என்றேன். "சோடா போட்டு முக்கால் மணி நேரம் கொதித்துவிட்டது. இனிமேல் சுருங்க அதில் ஒன்றும் பாக்கி இல்லை."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். போர்வையை ஒரு மூலையில் மடக்கி, அழுத்தி, விட்டுப் பார்த்தார். பிறகு கம்பளி என்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நீண்ட வராந்தாவில் அவருக்குப் பதினேழாம் நம்பர் கட்டில். சன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்தார். கால் வெளியே வந்தது. காலுக்கு இழுத்தார். நெஞ்சு வெளியே வந்தது.

"ஏட்டி, எது போனாப் பரவால்ல? தலையா, காலா?"

"காலை மடக்கிக்கோங்க."

"ஆறு மாசமும் மடக்கணுமா?"

"மடக்குங்க. வீட்டுக்கு வந்து நீட்டிக்கிடலாம்."

அவர் மடக்கிக்கொண்டு ஒருச்சாய்ந்து படுத்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்றை அன்றுதான் பார்த்தேன். மணி அடித்து வெளியாட்களைப் போகச் சொன்னார்கள்.

கீழே சாலைக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். சரி என்றேன். அந்த இரண்டு மணி நேரத்தில் செய்வதற்கு என் கையில் எந்த வேலையும் இல்லை.