மேஜர் வீட்டு உத்தேசத் தொகை

மேஜர் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவருடைய தங்கையின் கணவர், தன் வீட்டு மாடியில் புதிதாக ஓர் அறை கட்ட மேஸ்திரியை வரவழைத்து அளவெடுத்துவிட்டார்.

அறை அவருக்காக அல்ல, மேஜரின் மனைவிக்காக. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னார். சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கிடங்கு அவரை விட்டுவிட்டது. அவர் மேற்பார்வையை விடவில்லை. அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தில் நின்று மேற்பார்வையிடுவார். பொங்கி வழிந்த பிறகு யார் பொறுப்பு என்று விசாரணையும் நடத்துவார்.

"ரெண்டு ரூமுக்கு வாடகை கொடுத்துக்கிட்டு தனியா எதுக்குத் தங்கச்சி கஷ்டப்படணும்? நம்ம வீட்டுல வந்து ராணி மாதிரி இருங்க. ஒரு வேலை செய்ய வேண்டாம். சமையலை மட்டும் பாத்துக்குங்க. பேரப்பசங்களை ஸ்கூல்ல விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க. துணியை மெஷினே துவைச்சிடும், எடுத்துக் காயப்போட்டு மடிச்சு வெச்சா போதும்."

மேஜர் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். தன் இரண்டு அறையிலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அரசாங்கம் கொடுக்கப்போகும் குடும்ப ஓய்வூதியம் வாடகைக்கும் பாலுக்கும் மாத்திரைக்கும் எட்டினால் அங்கேயே இருக்கலாம். எட்டாவிட்டால் மாடியறை ராணிதான்.

எவ்வளவு வரும் என்று உத்தேசமாகச் சொல்ல அரசாங்கமே இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. மேற்பார்வையாளர் பேரனின் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பதவி என்ற இடத்தில் 'மேஜர்' என்று தேர்ந்தெடுத்தார். இறப்புக்கான காரணத்தில் 'களத்தில்' என்ற கட்டத்தைத் தட்டினார். திரையில் வந்த தொகையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மேஸ்திரி மறுநாள் காலையில் வந்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். மேஜர், மேஜர் இல்லை.

ராணுவத்தில் இருபது வருடம் தையல்காரராக இருந்தவர் அவர். மேஜர் என்று அவர் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. தங்கையின் கல்யாணத்துக்குச் சீருடையில் வந்திருந்தார். தன் கையால் தைத்த சீருடை. சுருக்கமில்லை, தொய்வில்லை, கத்தி மடிப்பு. அதைப் பார்த்து மாப்பிள்ளையாக இருந்த மேற்பார்வையாளர்தான் "மேஜருங்களா?" என்று கேட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. இருமி அடங்குவதற்குள் பதவி உயர்வு முடிந்துவிட்டது.

அதன்பின் அவர் சொன்னதெல்லாம் சத்தியம். "எத்தனை ஜெனரலுங்க என் முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னிருக்காங்க தெரியுமா?" என்பார். அளவெடுக்கும்போது கையைத் தூக்காமல் முடியுமா? "அவங்க பலவீனம் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார். இடுப்பில். தெருக்காரர்கள் கேட்டு வியந்தார்கள். ஓய்வு பெற்று வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கொடுத்தார். மேஜர் மனைவிக்கு நல்ல கைவேலை என்று தெரு அதற்கும் வியந்தது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: மனைவி, தங்கை. 'மேஜர் தங்கச்சி' என்ற பெயரில் புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடந்தவள் தங்கை. அதற்காகவே மனைவியும் முப்பது வருடம் வாய் திறக்கவில்லை.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு மூன்று பேரும் வாடகைக் காரில் போனார்கள். வரப்போகும் தொகைக்குக் கார்தான் மரியாதை என்றார் மேற்பார்வையாளர். நான்காம் எண் ஜன்னல், உத்தேசப் பிரிவு. எதிரே நான்கு இரும்பு நாற்காலிகளை ஒரே சட்டத்தில் பிணைத்துப் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் எழுந்ததும் பெண்கள் இருவரும் ஒருமுறை ஆடி நின்றார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் சால்வை போர்த்திய இளம் எழுத்தர் இருந்தாள். "முதல்லயே சொல்லிடறேன் சார், இது உத்தேசம்தான், உத்தரவாதம் இல்ல. இறந்தவர் பதவி?"

"மேஜர்," என்றார் அவர், மூன்றாம் ஜன்னலுக்கும் கேட்கும்படி.

"எப்படி இறந்தாரு?"

"களத்தில் போராடி."

"எந்தக் களம் சார்?"

"பெரியாஸ்பத்திரி. மூணாவது மாடி. கிட்னி."

எழுத்தர் திரைப் பக்கம் திரும்பினாள். "நோய்க்கு வேற கட்டம் இருக்கு சார்." ஒரு தட்டுத் தட்டினாள். தொகையில் பாதி காணாமல் போனது. மேற்பார்வையாளரின் மனதில் மாடியறைக்கு இருந்த குளியலறை இடிந்து விழுந்தது.

"பரவால்ல. பாதின்னாலும் மேஜர் பாதி," என்று தேறிக்கொண்டார்.

"சர்வீஸ் புக் இருக்காம்மா?"

மேஜர் மனைவி மடியிலிருந்த பையைத் தொட்டாள். அதன்மேல் நாத்தனாரின் கை வந்து விழுந்தது.

"அண்ணி, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

எழுத்தருக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ, அவளாகவே சொன்னாள்: "புக் இல்லன்னாலும் நீங்க சொல்றதை வெச்சு விண்ணப்பத்தை அனுப்பலாம்மா. கீழ கையெழுத்து மட்டும் போடணும். ஆனா மேலிடத்துல பாக்கும்போது பதவி ஒத்துவரலன்னா திரும்பி வந்துடும். திரும்ப உங்க முறை வர ஒன்றரை வருஷம் ஆகும்."

"கையெழுத்துதானே? போடுங்க தங்கச்சி," என்று மேற்பார்வையாளர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

ஒன்றரை வருடம். வீட்டுக்காரர் ஒன்றரை மாதம் பொறுப்பாரா என்பதே சந்தேகம். மேஜர் மனைவி நாத்தனாரின் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய், பையிலிருந்த புத்தகத்தை உள்ளே தள்ளினாள்.

"என் வீட்டுக்காரர் டெய்லருங்க. ராணுவத்துல இருபது வருஷம் துணி தைச்சாரு."

மேற்பார்வையாளர் சிரித்தார். "துக்கத்துல ஏதோ பேசுது, பாவம்."

எழுத்தர் புத்தகத்தைப் பிரித்தாள். "ஆமா சார். தையல்காரர்னுதான் போட்டிருக்கு. சிப்பாய் நிலை."

மேற்பார்வையாளர் தன் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"நீங்கதானே மேஜரான்னு கேட்டீங்க. அண்ணன் பதிலே சொல்லலியே."

"இருமினாரே!"

"புரையேறினா பின்ன பாட்டா பாடுவாங்க?"

எழுத்தர் திரையைத் திருப்பிக் காட்டினாள். வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டை போலத் தொகை சுருங்கிக் கிடந்தது. மேஜர் மனைவி உதடு அசைய அதைப் படித்தாள். வாடகை போயிற்று. மின்சாரம், பால், மாத்திரை போயிற்று. இன்னும் கொஞ்சம் மிச்சம் நின்றது. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து கழித்துப் பார்த்தாள். மிச்சம் அங்கேயேதான் நின்றது.

"இது வந்துடுமாம்மா?"

"உத்தேசம்தான். ஆனா சிப்பாய் கணக்கு அவ்வளவா தப்பாதும்மா. மேஜர் கணக்குன்னாதான் மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

மேஜர் மனைவி எழுத்தரின் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளருக்கு அவளுடைய முழங்கால்மேல் திடீர் அக்கறை வந்தது. "மாடிப்படி ரொம்பச் செங்குத்து தங்கச்சி. மேஸ்திரியே சொன்னான். உங்க முட்டிக்கு ஆகாது."

"ஆமாண்ணா, ஆகாது."

"உங்க வீடுன்னா உங்களுக்கும் சௌகரியம்."

"சௌகரியம்தாண்ணா."

அவர் போனை எடுத்துக்கொண்டு மேஸ்திரியை நிறுத்தக் கொஞ்சம் தள்ளிப் போனார். குரல் மட்டும் தள்ளிப் போகவில்லை. "அறை இப்ப வேண்டாம்ப்பா... அதெல்லாம் இல்ல... என்னது, மேஜரா? யார் சொன்னது? அதுக்கும் மேலய்யா! ஜெனரலுங்களையே அளந்து வெச்சவரு என் மச்சான்!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க மேஜர் மனைவி குனிந்தாள். இரண்டும் நடந்துகொண்டிருந்தது.

"என்மேல கோவமா அண்ணி? பொய் சொல்லச் சொன்னேனே."

"கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? நீயும்தான் முப்பது வருஷமா புரையேறின மாதிரியே இருந்துட்டே. இனிமேலாவது நிம்மதியா தண்ணி குடி."

"சனிக்கிழமை வரட்டுமா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."

"வாயேன். வாடகை என்னோடது. யாரைக் கேக்கணும்?"

காரில் ஏறச் சொன்னார் மேற்பார்வையாளர், அரைமனதாக. மேஜர் மனைவி வேண்டாமென்று சொல்லிவிட்டு, தன் தெருப்பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.