கடலைப் பார்த்த தூண்

கிட்ட வாங்க கண்ணுகளா. மழை ஓய்கிறவரைக்கும் ஒரு கதை சொல்கிறேன். பொறாமைக் கதைதான்.

நம்ம சமோவாவில் பெண்கள் சங்கம் கூடும் வீட்டில் யார் எந்தத் தூணில் சாய்ந்து தரையில் சம்மணம் போட்டு உட்காருவது என்பது கணவனின் குலத்தலைவர் பட்டத்தைப் பொறுத்தது. கடலைப் பார்த்த தூண் பெரிய பட்டக்காரரின் மனைவி செலாஃபியுடையது. முழங்கால் மடங்காமல் போனதும் அவள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தலைக்கு மேல் தன் தலை இருக்கும், மரியாதையில்லை. வெறுங்காலை நீட்டுவதும் மரியாதையில்லை; நீட்டிப் பாயால் மூடிக்கொள்ளலாம்தான். அதெல்லாம் கிழவிகள் செய்வது என்பாள். அவளுக்கு எழுபத்தாறு வயது.

ஒருநாள் மருமகள் வந்து சொன்னாள்: "அத்தே, உங்க தூண்ல ஃபுவாத்தினோ உக்காந்திருக்காங்க."

செலாஃபி குடித்துக்கொண்டிருந்த கோகோவை டக்கென்று கீழே வைத்தாள். ஃபுவாத்தினோவின் கணவனுக்குப் பட்டமே கிடையாது. தூணில்லாத நடு இடம்தான் அவளுக்கு. ஆனால் சம்மணம் போட்டால் பொழுதெல்லாம் அசையாமல் பாய் பின்னுவாள்.

"என் காலு போச்சுன்னதும் எடத்தப் புடிச்சுட்டா பாரு!" அந்த மடங்குகிற முழங்கால்களை நினைத்து நினைத்து வயிறெரிந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். முற்றத்துப் பவளக்கற்களில் அது சிக்கிச் சிக்கி, போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். ஃபுவாத்தினோ மட்டும் தூணடியில் இருந்தாள்.

"ஏண்டி, பசை போட்டு ஒட்டிக்கிட்டியா? எந்திரி!"

"எந்திரிக்க முடிஞ்சா எந்திரிக்க மாட்டேனாக்கா?"

அவள் தூணைக் கட்டிப்பிடித்து உந்தினாள். பாதியில் வழுக்கி விழுந்தாள்.

"உக்கார வருது, எழ வரல. என் நடு எடத்துல புடிச்சுக்க என்ன இருக்கு? எல்லாரும் போனப்புறம் இந்தத் தூணப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறேன். வெளிய சொல்லிடாதீங்க."

செலாஃபிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன்.

"உக்காரவாவது வருதே உனக்கு."

"நீங்க நிக்கிறீங்களே. அதப் பாத்துத்தான் எனக்கு எரியுது."

செலாஃபி வாக்கரின் பிரேக்கைப் போட்டு, தன் எடையெல்லாம் அதில் சாய்த்து, அவள் பக்கம் கையை நீட்டினாள். ஒரு கையில் தூணும் மறுகையில் செலாஃபியுமாக ஃபுவாத்தினோ முனகிக்கொண்டே எழுந்தாள்.

"அடுத்த கூட்டத்துக்கு வர்றேன். தூண் என்னுது. பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கோ, எழும்போது அதப் புடிச்சுக்க."

"உங்க காலு?"

"நீட்டிக்கிறேன். மூட ஒரு பாய் பின்னித் தா. உன் வீட்டுல இருக்கிறதவிட நல்லதா இருக்கணும், சொல்லிட்டேன்."

போய் வாங்க கண்ணுகளா. உங்கள் அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டே இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருத்தர் இருக்கட்டும்.