பதினொரு மணி நேர்காணல்

ஒல்ஃபா அலமாரியில் இருந்த துண்டுகளையெல்லாம் இழுத்துத் தரையில் போட்டாள். உள்ளறையில் பாபாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் இரண்டு துண்டு கேட்டிருந்தார்கள். வெள்ளையாக ஒன்றுகூட அகப்படவில்லை. கிடைத்ததைக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி பத்து நிமிடம்.

பதினொன்றுக்குப் போனில் நேர்காணல். கலைத்துறை முதுகலை மாணவர்களுக்கான உதவித்தொகை. உடைத்த மீன்பிடிப் படகுகளின் பலகைகளில் செதுக்கி அச்செடுப்பது அவள் வேலை. தொகை கிடைத்தால் துனிஸில் படிப்பை முடிக்கலாம். இல்லையென்றால் அங்கே அறையைக் காலிசெய்துவிட்டு இங்கே ஸ்ஃபாக்ஸுக்கே திரும்பவேண்டியதுதான்.

"ஒரு மெயில் போட்டுத் தள்ளி வெக்கச் சொல்லேன்" என்றான் அண்ணன் நிதால். "சாவு வீடுன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான் உக்கார்றாங்க. சாயங்காலத்தோட நேர்காணல் முடிஞ்சுடும்."

"அப்போ விட்டுத் தொலை. பாபாவைவிட அது பெருசா?"

அவள் போனை அணைத்துத் தலையணைக்கடியில் செருகினாள். கூடத்துக்கு வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், நேராக இருந்த நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அப்போதுதான் ஹெடி வந்தார். கெர்கென்னா தீவுப் படகில் கயிறு கட்டுபவர். அந்தப் படகுத்துறையில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கொடுத்த பாபாவின் கூட்டாளி.

"மகளே, வாழ்த்துச் சொல்ற நேரமில்ல. ஆனாலும் சொல்றேன். உனக்கு அந்த உதவித்தொகை கிடைச்ச சந்தோஷத்தோடதான் உங்கப்பன் முன்ஜி போயிருக்கான்."

"கிடைச்சதா? யார் சொன்னா?"

"அவன்தான்! ஒரு மாசமா தீவுக்குப் போறவன் வர்றவன் ஒருத்தனையும் விடல. டிக்கெட்டைக் கையில புடிச்சுக்குவான், முழுசா கேட்டாத்தான் குடுப்பான். ஒரு நாள் படகே பத்து நிமிஷம் லேட்டு, உன்னால."

சிரிக்க ஆரம்பித்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த தீவுப் பெண்கள் இருவர் ஒல்ஃபாவின் கையைப் பற்றி, "கேள்விப்பட்டோம், நல்லா இரும்மா" என்றார்கள்.

அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பதினொன்றுக்கு ஒரு நிமிடம். திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. அதே நேரம் கீழே அழுகை ஓங்கியது. கஃபன் துணி கட்டி முடித்திருப்பார்கள்.

"பின்னால ஏதோ சத்தம் கேக்குதே. இப்போ பேசலாமா உங்களுக்கு?" என்றார் நடுவில் இருந்த பெண்மணி.

"பேசலாம். அது பக்கத்து வீடு."

வேலையைப் பற்றிக் கேட்டார்கள். மரத்தின் வரிகள், உப்பு அரித்த ஓட்டைகள், மையின் பதம் என்று அவள் பேசிக்கொண்டே போனாள். கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"இத்தனை பலகை எப்படிக் கிடைக்குது?"

"எங்கப்பா. துறையில அவருக்குத் தெரியாத ஆளில்ல. ஒரு படகை உடைக்கப் போறாங்கன்னா முன்னாலேயே எனக்குன்னு சொல்லி வெச்சிடுவார்."

"அப்போ இனிமேலும் தடையில்லாம கிடைக்கும்?"

அவள் துணிக்கொடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைக்கும்."

கீழே இறங்கி வந்தபோது நிதால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம்... உம்மா, பாபா எல்லார்கிட்டயும் கிடைச்சிருச்சுன்னு சொல்லியிருக்கார்."

"தெரியும். நான்கூடச் சண்டை போட்டேன்." உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு யார் கேட்டாலும் ஆமான்னு சொல்லு. அந்த மனுஷன் வார்த்தை இன்னிக்கு ஒரு நாளாவது நிக்கட்டும்."

அன்று மதியம் முழுக்க, கேட்டவர்களுக்கெல்லாம் ஒல்ஃபா ஆமென்று தலையாட்டினாள்.

அஸர் தொழுகைக்கு முன் பாபாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். மாடிப்படி குறுகல். திருப்பத்தில் அது சாய்ந்தது, பின்னால் இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். மேல்படியில் ஒல்ஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற உம்மா சட்டென்று குரல் கொடுத்தாள்.

"மெதுவா இறக்குங்கப்பா. அந்த மனுஷனுக்கு முழங்கால் வலி."

முன்னால் தோள் கொடுத்திருந்த ஹெடி நின்றார். பிறகு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, ஊன்றி, இறங்கினார்.