கம்பெனிச் சட்டையின் அழுக்கு

பேச்சியம்மாள் முதலில் பாலை நிறுத்தினாள். துவரம்பருப்பை வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆக்கினாள். கேபிள்காரனை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தலைக்கு வைக்கும் எண்ணெயைக்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு காட்டிவிட்டு மூடிவிடுவாள். ஆனால் சோப்புத் தூளில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை. அதுவும் கடையில் நிறுத்துக் கொடுக்கிற உதிரித் தூள் ஆகாதாம், பெரிய பாக்கெட்தான் வேண்டுமாம்.

“சோத்துக்கே இழுத்துக்கிட்டு கெடக்கு. ஒனக்கு நொரை கேக்குதோ?” என்றான் மாடசாமி.

“சோறு வீட்டுக்குள்ள திங்கது, யாருக்குத் தெரியப் போவுது? துணி வெளியிலல்லா காயுது!”

மாடசாமி ஓசூர் சிப்காட்டில் எட்டு வருஷம் லேத் மெஷினில் நின்றவன். தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். மாசி பிறந்தும் கூப்பிடவில்லை.

அவர்கள் இருந்தது வெங்கடம்மாளின் லைன் வீட்டில். வரிசையாக ஆறு போர்ஷன், முதலாவதில் அவளே குடியிருந்தாள், பொதுவில் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். கம்பெனி ஆளுக்குத்தான் வீடு என்பது வெங்கடம்மாளின் சட்டம்; கடைசிப் போர்ஷன் தக்காளி மண்டிக்காரர் மட்டும் அதற்கு முன்பே குடிவந்தவர். வாடகை நிற்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கிற ரகம் இல்லை அவள். மூன்றாவது போர்ஷன் அண்ணாதுரைக்குக் கார்த்திகையில் வேலை போயிற்று. ஒரே வாரத்தில் அவன் பெண்டாட்டி பாத்திரங்களோடு டெம்போவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதைப் பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

மகள் சுப்ரியா பத்தாவது. பங்குனியில் பரீட்சை. இப்போது வீட்டைக் காலி பண்ணினால் திருநெல்வேலிக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும், பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு மண்ணாய்ப் போகும். பரீட்சை முடிகிற வரைக்கும் இந்த ஒற்றை அறை கையில் இருந்தால் போதும். பேச்சியம்மாள் சாமியிடம் கேட்டதும் அது ஒன்றுதான்.

அதனால் மாடசாமி தினமும் யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸோடு ஆறு மணிக்குக் கிளம்பினான். பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பழைய சட்டைக்கு மாறிப் பூ வெட்டினான். சாயங்காலம் மறுபடி யூனிஃபார்ம். அந்தக் கூலியில்தான் வாடகை தேதி தப்பாமல் போயிற்று. முள் கிழித்த கையைக் கேட்டவர்களுக்கு இரும்புப் பிசிறு என்றான்.

சட்டைதான் காட்டிக் கொடுக்கப் பார்த்தது. பகலெல்லாம் பையில் மடங்கிக் கிடந்த சட்டையில் அழுக்கு எங்கிருந்து வரும்? கல்லில் போட்டுக் கும்மினால் தெளிந்த தண்ணீர் ஓடியது. குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அன்று எல்லாப் பெண்களும் அந்தக் கல்லைச் சுற்றித்தான் நிற்பார்கள், எல்லோருக்கும் கண் இருக்கிறது.

தெருமுனையில் வண்டி ரிப்பேர் பார்க்கிற முனிவேலிடம் போனாள். கதவுக் கீலுக்கு என்று சொல்லிப் பழைய எஞ்ஜின் ஆயிலை ஒரு டானிக் பாட்டிலில் வாங்கி வந்தாள். வயிற்றுப் பக்கம், முழங்கை, காலர் என்று மெஷின் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் தடவினாள். பிறகு துவைத்தாள். அந்த ஆயிலோ லேசில் போகிற சாதி இல்லை. வேலை இருந்தபோது ஆனதைப் போல இரண்டு மடங்கு தூள் வேலை போன பிறகு ஆனது. தோட்டத்துக் கூலியில் ஒரு பங்கு அழுக்கைப் பூசிக் கழுவவே போயிற்று என்றால் யாரும் சிரிப்பார்கள், அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மெஷின் ஆயில் வாடை இது இல்லை என்று அவளுக்கும் தெரியும். கண்ணால் பார்ப்பார்கள், மூக்கை வைத்தா பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டது. வீட்டுக்குள் தடவ நேரமில்லாமல் பாட்டிலைத் துணிக்கடியில் ஒளித்து எடுத்துவந்து கல்லிலேயே காரியத்தை முடித்தாள். சட்டையை முக்கி எடுக்கவும் வெங்கடம்மாள் தன் வாளியோடு வரவும் சரியாக இருந்தது. வாளியில் மேலாக அவள் மகன் பிரகாஷின் யூனிஃபார்ம். அவன் வேறு கம்பெனி. கடைசிப் போர்ஷன் ரங்கம்மாவின் அக்கா மகள் ரேவதியை அவனுக்கு நிச்சயம் பண்ணி, வைகாசியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். கம்பெனி மாப்பிள்ளை என்றுதான் ரங்கம்மா அந்தச் சம்பந்தத்தையே கொண்டுவந்தாள்.

வெங்கடம்மாள் குனிந்தாள். கல்லிலிருந்து வழிந்த கறுப்புத் தண்ணீரில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா, இது என்னா ஆயிலு?”

“கம்பெனி ஆயிலுதாங்க்கா. மெசின்ல நிக்காகள்லா...”

“எம்மவனும் மெசின்லதாம்மா நிக்கறான். மெசினு சூடு தணிய ஊத்தற ஆயிலு தொவச்சா மோராட்டம் வெள்ளையா வரும், புளிச்ச நாத்தம் அடிக்கும். இது வண்டி ஆயிலு. பொங்கல்ல இருந்தே எனக்கு டவுட்டுதான்.”

வெங்கடம்மாள் விரலைக் கல்லில் துடைத்தாள்.

“ஒண்ணாந்தேதி காலி பண்ணிக்கோ. கூச்சல் வேணாம், கவுரவமா போயிடு.”

“அக்கா, பிள்ளைக்குப் பரீச்ச வருது. வாடகை ஒரு நாளு தப்பியிருக்கா சொல்லுங்க?”

“இது வரிக்கும் தப்பல. தப்பினதுக்கு அப்புறம் நான் யாருகிட்ட போயி அழறது?”

சொல்லிவிட்டு வெங்கடம்மாள் பிரகாஷின் சட்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினாள். பேச்சியம்மாள் அந்த வாளியையே பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. நுரைதான் இருந்தது. மோரும் இல்லை, புளிச்ச வாடையும் இல்லை. குழாயில் வந்த தண்ணீர் குழாயில் வந்தபடியே இருந்தது.

வெங்கடம்மாள் அவள் பார்வையைக் கவனித்துவிட்டாள். மெதுவாக வாளியைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள்.

“எத்தனை நாளாக்கா?”

வெங்கடம்மாள் கடைசிப் போர்ஷன் பக்கம் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. “தை மாசம் பொறந்ததும்... எம்மவனையும் சேத்து நூறு பேருக்கு மேல நிறுத்திட்டானுங்க,” என்றாள் வாய்க்குள்ளேயே.

கடைசிப் போர்ஷனில் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. ரங்கம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும், வைகாசி முகூர்த்தம் நின்றுவிடும். பேச்சியம்மாளுக்கு அது தெரியும், வெங்கடம்மாளுக்கும் தெரியும். டெம்போவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அண்ணாதுரையின் பெண்டாட்டி பேச்சியம்மாளின் கண்ணுக்குள் நின்றாள். நல்லா கேக்கட்டும், ஊரே கேக்கட்டும் என்றிருந்தது. வெங்கடம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றாள்.

பேச்சியம்மாள் துணிக்கடியிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்தாள். மிச்சமிருந்த ஆயிலை வெங்கடம்மாளின் வாளியில் கவிழ்த்துச் சட்டையை நாலு தடவை அமுக்கினாள். பாட்டிலை மடியில் செருகிக்கொண்டாள். தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆயிற்று.

ரங்கம்மா வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் தக்காளி மண்டி. எந்த ஆயில் எதில் ஊற்றுவது என்று அவளுக்கு என்ன தெரியும்?

“அடேங்கப்பா! மாப்ள சட்டையில எவ்ளோ அழுக்கு! ஓவர்டைம் பாக்கறாரா அக்கா?”

“ஆமாம்மா,” என்றாள் வெங்கடம்மாள். “கம்பெனி வேலைன்னா சும்மாவா?”

பேச்சியம்மாள் நிமிராமலே கேட்டாள், “ஒண்ணாந்தேதி என்னமோ சொன்னீயளே அக்கா?”

வெங்கடம்மாள் சட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணுமில்லம்மா. பாப்பா பரீச்ச முடியட்டும், நிதானமா பேசிக்கலாம்.”

ரங்கம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். வீடு தப்பிவிட்டது. பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் பயம்தான் கூடியது. பரீட்சை முடிந்ததும் பிரகாஷிடம் அவன் கம்பெனியில் சொல்லி வைக்கச் சொல்லலாம், அங்கே எப்பவும் ஆள் எடுப்பான் என்று நேற்று ராத்திரிதான் மாடசாமி சொல்லியிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் தெளிந்து, இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அங்கேயும் நூறு பேரை நிறுத்திவிட்டார்கள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பிழிந்த சட்டையையே அவள் மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.